டிடி-214-இல் பல் சிகிச்சைக் கட்டம் தவறாக இருந்தால்: திருத்துவதற்கான முழுமையான வழிகாட்டி

அமெரிக்க ராணுவத்திலிருந்து விடுபடும்போது கையில் தரப்படும் டிடி-214 சான்றிதழில் 17-ஆம் கட்டம் என்று ஒன்று உண்டு. விடுபடுவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் இவருக்கு முழுமையான பல் பரிசோதனையும், தேவையான எல்லாப் பல் சிகிச்சையும் அளிக்கப்பட்டனவா என்பதுதான் அதில் உள்ள கேள்வி. பதிலுக்கு ‘ஆம்’, ‘இல்லை’ என இரண்டே பெட்டிகள். பதவி, பதக்கம், பணிக்காலம் எல்லாவற்றையும் வரிவரியாகச் சரிபார்க்கிறவர்கள்கூட இந்தக் கட்டத்தைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அங்கே தவறாக ‘ஆம்’ விழுந்துவிட்டால், முன்னாள் படைவீரர் நலத்துறையான விஏ ஒரே ஒருமுறை தரும் இலவசப் பல் சிகிச்சை கைநழுவிப் போகும். ரூட் கெனால், கிரவுன் என்று ஆரம்பித்தால் அமெரிக்காவில் அது ஆயிரக்கணக்கான டாலர் செலவு.

சிறப்பு மொழித்திறன் கொண்ட வெளிநாட்டவரைப் படையில் சேர்க்க 2008-இல் அறிவிக்கப்பட்டு 2016-இல் நிறுத்தப்பட்ட மாவ்னி திட்டத்தில் ராணுவம் தேடிய மொழிகளில் தமிழும் ஒன்று. அந்த வழியிலோ கிரீன் கார்டு வழியிலோ படையில் சேர்ந்த தமிழர்களும், அங்கேயே பிறந்து வளர்ந்து சேர்ந்தவர்களும் இப்போது விடுபட்டு வரும் காலம் இது. வீட்டில் முன் தலைமுறையில் அமெரிக்கப் படைவீரர் யாரும் இல்லாதவர்களுக்கு இந்தச் சங்கதியைச் சொல்லித்தர ஆள் இருப்பதில்லை. இந்த வழிகாட்டி தரைப்படையை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. மற்ற படைகளுக்கு அலுவலகங்களின் பெயர்தான் மாறும், முறை பெரிதும் ஒன்றே.

அந்த ஒரு பெட்டி ஏன் இவ்வளவு முக்கியம்

விஏவில் சேர்ந்துவிட்டால் மருத்துவம் கிடைக்கும், பல் மருத்துவம் தானாகக் கிடைக்காது. பல்லுக்குத் தனியாகத் தகுதி வகுப்புகள் இருக்கின்றன. இழப்பீடு பெறும் அளவுக்குப் பணியால் பல் பாதிக்கப்பட்டவர்கள், 100 சதவீத ஊனமதிப்பீடு பெற்றவர்கள், போர்க்கைதியாக இருந்தவர்கள் போன்றோருக்குத் தனி வழி உண்டு. நீங்கள் அவர்களில் ஒருவர் என்றால் 17-ஆம் கட்டத்தோடு மல்லுக்கட்ட வேண்டிய அவசியமே இல்லை. மற்ற பெரும்பாலானோருக்கு இருப்பது இரண்டாம் வகுப்பு, அதாவது ஒருமுறை மட்டும் தரப்படும் சிகிச்சை. அதற்கான நிபந்தனைகளைச் சட்டமும் விஏ விதிகளும் தெளிவாகச் சொல்கின்றன.

வளைகுடாப் போர்க் காலத்தில் பணியாற்றியவர் என்றால் முழுநேரப் பணி குறைந்தது 90 நாட்கள் இருக்க வேண்டும். அந்தக் காலம் 1990 ஆகஸ்ட் 2-இல் தொடங்கி, சட்டப்படி இன்னும் முடிவுக்கு வரவில்லை. ஆகவே இன்று விடுபடுகிறவர்களும் அதற்குள்தான் வருகிறார்கள். விடுவிப்பு கண்ணியக்குறைவானதாக இருக்கக் கூடாது. விடுபட்ட நாளிலிருந்து 180 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். விஏவின் பல் பரிசோதனை ஆறு மாதத்துக்குள் முடிய வேண்டும். உங்கள் தவறு இல்லாமல் தாமதமானால் அதற்கு விலக்கு உண்டு. கடைசி நிபந்தனைதான் நம் விஷயம்: கடைசி 90 நாட்களுக்குள் எக்ஸ்ரே உள்ளிட்ட முழுப் பரிசோதனையும், அதில் தேவை என்று கண்டறியப்பட்ட எல்லாச் சிகிச்சையும் கொடுத்தாயிற்று என்ற சான்று விடுவிப்புச் சான்றிதழில் இருக்கக் கூடாது. ‘ஆம்’ பெட்டியில் விழும் குறிதான் அந்தச் சான்று.

ஆக, ‘இல்லை’ என்றிருந்தால் உங்களுக்கு நல்லது. ‘இல்லை’ என்று பார்த்துவிட்டு, ஏதோ குறை சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்து அதைத் திருத்தக் கிளம்பிவிடாதீர்கள்.

முதல் வேலை: திருத்தத்துக்குக் காத்திருக்காமல் விஏவில் மனுப் போடுங்கள்

பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். சான்றிதழைச் சரிசெய்துகொண்டு அப்புறம் விஏவுக்குப் போகலாம் என்று காத்திருப்பார்கள். படை ஆவணங்களில் உள்ள பிழைகளை விசாரித்துத் திருத்தும் வாரியம் முடிவு சொல்ல ஓராண்டுகூட ஆகலாம். விஏவின் கெடு 180 நாள். கையில் திருத்திய தாள் வரும்போது கெடு எப்போதோ முடிந்திருக்கும். இவை இரண்டும் தனித்தனிக் கெடுக்கள், ஒன்று மற்றொன்றுக்காக நிற்காது.

அதனால் 17-ஆம் கட்டத்தில் ‘ஆம்’ என்றே இருந்தாலும், விடுபட்ட 180 நாட்களுக்குள் விஏவின் 10-10இஇசட் படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். இணையத்தில், தொலைபேசியில், தபாலில், நேரில் என எப்படியும் கொடுக்கலாம். அது பொதுவான மருத்துவச் சேர்க்கைப் படிவம் என்பதால், பல் சிகிச்சைதான் கேட்கிறீர்கள் என்பது அதில் தெளிவாக விளங்காது. அரைப் பக்கக் கடிதம் ஒன்றைச் சேர்த்து இணையுங்கள். அதில் மூன்று விஷயம் போதும்: இரண்டாம் வகுப்பின் கீழ் ஒருமுறைப் பல் சிகிச்சை கேட்கிறேன், 17-ஆம் கட்டத்தில் உள்ள பதிவு தவறு, அதைத் திருத்த மனுச் செய்திருக்கிறேன் அல்லது செய்யப்போகிறேன். நேரில் கொடுத்தால் நகலில் தேதி முத்திரை வாங்குங்கள். தபால் என்றால் ஒப்புதல் அட்டையுடன் அனுப்புங்கள். இணையத்தில் என்றால் உறுதிப்பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கெடுவுக்குள் கேட்டீர்கள் என்பதற்குப் பின்னால் இந்தத் தேதி ஒன்றுதான் சாட்சி.

விஏ பெரும்பாலும் மறுக்கும், அவர்கள் கண்முன்னே ‘ஆம்’ என்று இருக்கிறது அல்லவா! மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கவுன்ட்டரில் இருப்பவர் வாயால் சொல்லும் மறுப்பு எதற்கும் உதவாது. அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யவும் முடியாது, திருத்த வாரியத்திடம் காட்டவும் முடியாது.

பதிவு உண்மையிலேயே தவறா? தேதிகளை வைத்துப் பாருங்கள்

‘ஆம்’ என்று எழுத மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும்: முழுப் பரிசோதனை, எக்ஸ்ரே, கண்டறிந்த எல்லாச் சிகிச்சையும். மூன்றும் கடைசி 90 நாட்களுக்குள் நடந்திருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் ‘இல்லை’ என்பதே சரியான பதில்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒருவர் ஜூன் 30 அன்று விடுபடுகிறார். 90 நாள் கணக்கு ஏப்ரல் 1-இல் தொடங்கும். விஏவுக்கான 180 நாள் கெடு டிசம்பர் 27-இல் முடியும். அவருடைய பல் பதிவேட்டில் பரிசோதனை பிப்ரவரி 10 என்று இருக்கிறது. கீழ்த்தாடையின் இரு பக்க முதல் கடைவாய்ப்பற்களிலும், அமெரிக்க எண்ணிக்கை முறையில் 19, 30 ஆகிய இரண்டிலும், சொத்தை இருப்பதாகக் குறித்திருக்கிறார்கள். 19-ஐ ஏப்ரல் 22-இல் அடைத்துவிட்டார்கள். 30-க்கு ஜூன் 3 அன்று நேரம் கொடுத்து, கிளினிக்கே அதை ரத்து செய்துவிட்டது. சான்றிதழிலோ ‘ஆம்’. இங்கே இரண்டு பிழைகள். பரிசோதனை 90 நாட்களுக்கு வெளியே நடந்திருக்கிறது, சிகிச்சையும் முடியவில்லை. இதில் எந்த ஒன்றை நிரூபித்தாலும் போதும். இரண்டையும் நிரூபிப்பது வழக்கைக் கெட்டியாக்கும்.

இந்தப் பிழை விழுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அது தெரிந்தால் ஆதாரம் தேடுவது எளிது. படையில் பல் நிலையை 1 முதல் 4 வரை வகுப்பிடுகிறார்கள் (மேலே சொன்ன விஏவின் தகுதி வகுப்புகள் வேறு, இவை வேறு). வகுப்பு 1 என்றால் சிகிச்சை தேவையில்லை. வகுப்பு 2 என்றால் சிகிச்சை தேவை, ஆனால் 12 மாதத்துக்குள் அவசர நிலை வராது. வகுப்பு 3 என்றால் 12 மாதத்துக்குள் அவசர நிலை வரக்கூடும். வகுப்பு 4 என்றால் பரிசோதனையே காலாவதி. முதல் இரண்டு வகுப்பினரையும் களத்துக்கு அனுப்பலாம் என்பதால், இருவரும் கணினியில் ‘தயார்’ என்றே தெரிவார்கள். ‘தயார்’ என்பதும் ‘எல்லாச் சிகிச்சையும் முடிந்தது’ என்பதும் ஒன்றல்ல. வகுப்பு 2-இல் இருந்தபடி விடுபட்டவருக்கு, அந்த வகுப்பின் பொருளின்படியே சிகிச்சை பாக்கி இருக்கிறது. கடைசி நாளில் உங்கள் வகுப்பு 2 என்று காட்டும் ஒரு பக்க அச்சுப்பிரதி கிடைத்தால், ஒரு பெரிய மருத்துவக் கடிதத்தைவிட அது வலுவான ஆதாரம்.

இன்னொரு பொறி, வெளியேறும்போது ஒவ்வோர் அலுவலகமாகப் போய்க் கையெழுத்து வாங்கும் டிஏ-137 வகைத் தாள். அதில் பல் கிளினிக்கின் முத்திரை இருந்தால், கிளினிக்கோடு உங்கள் கணக்கு முடிந்தது என்றுதான் அர்த்தம். சிகிச்சை முடிந்ததாக அதைப் படிப்பது தவறு. வாரியம் அதை உங்களுக்கு எதிராக எடுத்துக்கொள்ளாமல் இருக்க, மனுவிலேயே இதை விளக்கிவிடுங்கள்.

ஆதாரம் திரட்டுவது

அரசு அதிகாரிகள் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்திருப்பார்கள் என்ற ஊகத்தோடுதான் வாரியம் கோப்பைத் திறக்கும். அந்த ஊகத்தை உடைக்கும் சுமை மனுதாரர் தலையில். குற்றவழக்குபோல் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. தராசு உங்கள் பக்கம் சற்றே தாழ்ந்தால் போதும். ஆனால் அதற்கு வேண்டியது காகிதம், உங்கள் ஆதங்கம் எடையில் சேராது.

முதலில் வேண்டியது முழுப் பல் பதிவேடு. பழைய காகிதப் பதிவு என்றால் எஸ்எஃப்-603, அதன் தொடர்ச்சியான 603ஏ. கணினிப் பதிவு என்றால் ஒவ்வொரு வருகைக்குமான குறிப்பு, சிகிச்சைத் திட்டம், எக்ஸ்ரே. ‘என் பதிவேட்டைக் கொடுங்கள்’ என்று மட்டும் கேட்டால் சுருக்கம்தான் வரும். சிகிச்சைத் திட்டம், எக்ஸ்ரே படங்கள், ரத்தான நேரங்களின் பட்டியல் ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். அந்தக் கடைசிப் பட்டியலை யாரும் கேட்பதில்லை. 30-ஆம் பல்லை அடைக்காமல் விட்டது யார் என்பதை அதுதான் சொல்லும்.

பணியில் இருக்கும்போதே என்றால் டிடி-2870 படிவம் கொடுத்துக் கிளினிக்கிலேயே நகல் வாங்கலாம். விடுபட்டபின் என்றால், எஸ்எஃப்-180 படிவத்தின் வழியாகவோ, செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்தின் இணைய விண்ணப்பத்தின் வழியாகவோ கேட்கலாம். மருத்துவ, பல் பதிவுகள் விஏவிடம் போய்ச் சேர்ந்திருந்தால், விஏவின் 20-10206 படிவம். எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் இரண்டு இடத்திலும் ஒரே நாளில் கேட்டுவிடுங்கள். ஒன்று கைவிரித்த பிறகு மற்றொன்றைக் கேட்டால் மாதங்கள் ஓடிவிடும்.

பதிவேடு வந்ததும் வருகைகளுக்கு எதிரே உள்ள குறியீடுகளைப் பாருங்கள். டி0150 என்றால் முழுப் பரிசோதனை, டி0120 வழக்கமான மறுபரிசோதனை, டி0140 குறிப்பிட்ட தொந்தரவுக்கான பரிசோதனை, டி0210 முழுவாய் எக்ஸ்ரே, டி0330 தாடை முழுவதையும் காட்டும் ஒற்றை எக்ஸ்ரே. கடைசி 90 நாட்களில் டி0140 மட்டுமே இருந்தால், வலிக்கு ஒரு பல்லைப் பார்த்திருக்கிறார்கள், முழுப் பரிசோதனை நடக்கவில்லை. பல் கிளினிக்குக்குப் போன தேதி ஒன்று இருப்பதாலேயே கட்டத்தில் ‘ஆம்’ விழுந்திருக்கக்கூடும். அதை இந்த ஒரு குறியீடே அம்பலப்படுத்திவிடும்.

அடுத்து, வெளி மருத்துவரின் அறிக்கை. விடுபட்ட சில வாரங்களுக்குள் ஒரு தனியார் பல் மருத்துவரிடம் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் எடுத்துக்கொள்ளுங்கள். சிகிச்சையை அவசரப்பட்டு ஆரம்பிக்க வேண்டாம். முன்னனுமதி இல்லாமல் வெளியே செய்துகொண்ட சிகிச்சைக்கு விஏ பின்னால் பணம் தரும் என்று எதிர்பார்க்க முடியாது. சீழ்க்கட்டி, தாங்க முடியாத வலி என்றால் அது வேறு. உயிரைவிடப் படிவம் பெரிதில்லை, உடனே பாருங்கள், செய்வதற்கு முந்தைய எக்ஸ்ரேயை மட்டும் பத்திரப்படுத்துங்கள். மருத்துவரின் கடிதத்தில் எந்தப் பல், எந்தப் பக்கம், சொத்தையின் ஆழம், அது எவ்வளவு காலமாக இருந்திருக்க வேண்டும் என்ற அவருடைய மருத்துவக் கணிப்பு, அதற்கான காரணம் ஆகியவை இருக்க வேண்டும். ‘பல் மோசமாக இருக்கிறது’ என்ற ஒரு வரிக் கடிதம் வேண்டாம். படையின் பிப்ரவரி எக்ஸ்ரேயை அவரிடம் காட்டி இரண்டையும் ஒப்பிட்டு எழுதச் சொன்னால் அதைவிடச் சிறந்த கடிதம் கிடையாது.

கூடவே உங்கள் வாக்குமூலம் ஒன்று, தேதி வரிசையில், ஒன்றரைப் பக்கத்துக்கு மிகாமல். நேரம் ரத்தானதை நேரில் அறிந்த சக வீரரோ மேலதிகாரியோ எழுதித் தந்தால் அதையும் சேருங்கள். பொய்யென்றால் தண்டனைக்கு உட்படுகிறேன் என்ற உறுதிமொழியோடு கையெழுத்து இருந்தால் போதும். கூட்டரசுச் சட்டம் அதை ஏற்கிறது, நோட்டரியைத் தேடி ஓட வேண்டாம்.

சின்ன வழியை முதலில் தட்டிப் பாருங்கள்

எழுத்துப்பிழை, தேதிப்பிழை போல ஆவணத்தைப் பார்த்தாலே தெரியும் தவறுகளை வாரியம் வரை போகாமல் அந்தந்தப் படையின் பணியாளர் அலுவலகமே டிடி-215 என்ற திருத்தத் தாள் மூலம் சரிசெய்யலாம். தரைப்படைக்கு அது கென்டக்கியில் ஃபோர்ட் நாக்ஸில் உள்ள மனிதவளக் கட்டளையகம். கடற்படைக்கு டென்னசியின் மில்லிங்டன், மரைன்களுக்கு வர்ஜீனியாவின் குவாண்டிகோ, விமானப்படைக்கு சான் அன்டோனியோவின் ரேண்டால்ஃப். விடுபட்டுச் சில நாட்களே ஆகியிருந்தால், சான்றிதழைத் தயாரித்த, விடுபடுவோரின் காகித வேலைகளைக் கவனிக்கும் மாற்ற மையத்தையே முதலில் கேளுங்கள்.

பல் பதிவேட்டில் கடைசிப் பரிசோதனைத் தேதியே 90 நாட்களுக்கு வெளியே இருந்தால், இந்த வழியில் முடிய நல்ல வாய்ப்பு உண்டு. சிகிச்சை போதுமானதா என்ற மருத்துவத் தீர்ப்பு தேவைப்பட்டால் அவர்கள் கையை விரித்துவிடுவார்கள். அப்படியே ஆனாலும் கேட்டது வீணாகாது. கீழ்மட்ட வழிகளை எல்லாம் முயன்று பார்த்தீர்களா என்று வாரியம் கேட்கும். முயலவில்லை என்றால் கோப்பைத் திறக்காமலே திருப்பி அனுப்பலாம். அந்த மறுப்புக் கடிதமே அதற்குப் பதில்.

டிடி-149: வாரியத்துக்கான மனு

ஆவணத் திருத்த வாரியங்களுக்கு அதிகாரம் தருவது அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 10-ஆம் தலைப்பு, 1552-ஆம் பிரிவு. தரைப்படைக்கு ஒரு வாரியம், கடற்படைக்கும் மரைன்களுக்கும் சேர்த்து ஒன்று, விமானப்படைக்கும் விண்வெளிப் படைக்கும் ஒன்று, உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழ் கடலோரக் காவல் படைக்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் ஒரே படிவம், டிடி-149. அனுப்ப வேண்டிய முகவரிகள் படிவத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். தரைப்படைக்காரர்கள் இணையத்திலும் மனுச் செய்யலாம். டிடி-293 என்ற படிவத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது விடுவிப்பின் தன்மையையோ காரணத்தையோ மாற்றக் கேட்பவர்களுக்கானது, இந்த வேலைக்கு ஆகாது.

என்ன திருத்தம் வேண்டும் என்ற இடத்தில் நீட்டி முழக்காதீர்கள். இந்த அளவே போதும், மனுவில் இதை ஆங்கிலத்தில் எழுதுங்கள்: ‘எனது டிடி-214-இன் 17-ஆம் கட்டத்தில் உள்ள “ஆம்” என்ற பதிவை நீக்கி “இல்லை” என்று திருத்த வேண்டுகிறேன்.’

ஏன் தவறு என்ற இடத்தில் ஒவ்வொரு வாக்கியமும் ஓர் இணைப்பைச் சுட்ட வேண்டும். மேலே சொன்ன எடுத்துக்காட்டுக்காரர் இப்படி எழுதலாம்: ‘ஜூன் 30 அன்று விடுபட்டேன் (இணைப்பு 1). கடைசி முழுப் பரிசோதனை பிப்ரவரி 10-இல் நடந்தது, இது 90 நாட்களுக்கு வெளியே உள்ளது (இணைப்பு 2, பக்கம் 4). அப்பரிசோதனை 19, 30 ஆகிய பற்களுக்குச் சிகிச்சை தேவை என்றது (இணைப்பு 2, பக்கம் 5). 30-ஆம் பல்லுக்கான ஜூன் 3 நேரத்தைக் கிளினிக் ரத்து செய்தது (இணைப்பு 3). விடுபடும் நாளில் வகுப்பு 2-இல் இருந்தேன் (இணைப்பு 4). ஜூலை 18-இல் எடுத்த எக்ஸ்ரே அதே பல்லில் சிகிச்சை பெறாத சொத்தையைக் காட்டுகிறது (இணைப்பு 5). இப்பதிவால் விஏ சிகிச்சை மறுக்கப்பட்டது (இணைப்பு 6).’ இதற்கு மேல் கோபமோ நன்றியறிதலோ பணி வரலாறோ எதுவும் வேண்டாம். கோப்பைப் படிப்பவர் இணைப்பு 2-இன் 5-ஆம் பக்கத்தை நேராகத் திறந்து பார்க்கும்படி இருப்பதுதான் நல்ல மனு. பக்கங்களுக்கு எண் போட்டு, தேதிகளை நிறமிட்டுக் காட்டுங்கள்.

பிழையைக் கண்டுபிடித்த தேதி என்று ஒரு கேள்வி வரும். கண்டுபிடித்த மூன்றாண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். நீதியின் பொருட்டு வாரியம் அதைத் தளர்த்தலாம். சான்றிதழில் கையெழுத்துப் போட்ட நாளிலேயே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று சிலசமயம் எடுத்துக்கொள்வார்கள். தாமதம் இருந்தால் அதற்கான காரணத்தைத் தனிப் பத்தியில் நேர்மையாக எழுதுங்கள். படிவத்தில் பொய் சொல்வது கூட்டரசுக் குற்றம் என்பதையும் மறக்க வேண்டாம். சிகிச்சை உண்மையிலேயே முடிந்திருந்தால் இந்த மனுவில் இறங்காதீர்கள்.

நேரில் ஆஜராக விருப்பமா என்று கேட்கும் இடத்தில் என்ன எழுதினாலும், பெரும்பாலான மனுக்கள் காகிதத்தின் மேல்தான் முடிவாகின்றன. வழக்கறிஞர் கட்டாயமில்லை. டிஏவி, விஎஃப்டபிள்யூ, அமெரிக்கன் லீஜன் போன்ற முன்னாள் படைவீரர் அமைப்புகளின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள் கட்டணமின்றி உதவுவார்கள். கையெழுத்தும் தேதியும் விட்டுப்போய் மனு திரும்பி வருவதுதான் மிகச் சாதாரணமாக நடக்கும் விபத்து. அனுப்பும் முன் கடைசியாக அதைப் பாருங்கள். மூல ஆவணங்களை அனுப்பவே அனுப்பாதீர்கள், நகல் போதும்.

மனு போன பிறகு

வாரியங்கள் 90 சதவீத மனுக்களை 10 மாதத்துக்குள்ளும், எல்லா மனுக்களையும் 18 மாதத்துக்குள்ளும் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இடையில் வாரியம் மருத்துவ அலுவலகத்திடம் கருத்துக் கேட்கலாம். கேட்டால் அதன் நகல் உங்களுக்கு வரும், பதில் எழுத ஒரு கெடுவும் தருவார்கள். இந்தக் கடிதத்தைத் திறந்து பார்க்காமல் விட்டுவிட்டால் வழக்குச் சரிந்துவிடும். ‘பதிவேட்டின்படி வகுப்பு 2, ஆகவே பல் நிலை ஏற்கத்தக்கது’ என்பதுபோல் கருத்து வந்திருந்தால், வகுப்பு 2-இன் வரையறையையே எடுத்துக்காட்டி, கேள்வி தயார்நிலையைப் பற்றியது இல்லை, எல்லாச் சிகிச்சையும் முடிந்ததா என்பதுதான் என்று இரண்டு பத்தியில் பதில் எழுதுங்கள். முகவரி மாறினால் அன்றே வாரியத்துக்குச் சொல்லுங்கள்.

மறுத்துவிட்டால் அத்தோடு கதை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். வாரியம் முன்பு பார்க்காத புதிய ஆவணம் கிடைத்தால், எப்போது கொடுத்தாலும் மறுபரிசீலனை செய்தாக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதே தாள்களை மறுபடி அனுப்பினால் பயனில்லை.

டிடி-215 கைக்கு வந்ததும்

திருத்தம் ஏற்கப்பட்டால் பொதுவாக வருவது டிடி-215. அது பழைய டிடி-214-ஐ நீக்காது, அதோடு சேர்த்தே படிக்கப்படும். எந்தத் தேதியில் விடுபட்ட சான்றிதழைத் திருத்துகிறது என்பதும், 17-ஆம் கட்டம் என்ற எண்ணும் சரியாக இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட டிடி-214 வைத்திருப்பவர்களுக்கு, குறிப்பாகத் தேசியக் காவல்படை, ரிசர்வ் வீரர்களுக்கு, ஒவ்வொரு பணிக்காலத்துக்கும் தனித்தனி 17-ஆம் கட்டம் உண்டு. தவறான சான்றிதழைத் திருத்திய தாள் வந்தால் விஏவில் அது செல்லாது.

பிறகு டிடி-214-இன் ‘மெம்பர்-4’ நகல் (எல்லா விவரமும் உள்ள, படைவீரருக்கான நகல்), டிடி-215, 180 நாட்களுக்குள் போட்ட மனுவின் தேதிச்சான்று, விஏவின் மறுப்புக் கடிதம் ஆகிய நான்கையும் சேர்த்து விஏ மருத்துவமனையின் தகுதி நிர்ணய அலுவலகத்தில் கொடுத்து, முடிவை மறுபரிசீலனை செய்யக் கேளுங்கள். மறுப்புக் கடிதத் தேதியிலிருந்து ஓராண்டுக்குள் மறுஆய்வோ மேல்முறையீடோ பதிவாகியிருப்பது முக்கியம். டிடி-215 வரத் தாமதமானாலும் அந்த ஓராண்டைத் தவறவிடாதீர்கள். படைவீரர் மேல்முறையீட்டு வாரியத்துக்கான படிவம் 10182.

தகுதி கிடைத்த பிறகும் எல்லாப் பல்லுக்கும் சிகிச்சை வரும் என்றில்லை. பணிக்காலத்தில் உண்டாகி விடுபடும்போது இருந்த குறைகளுக்கே இது. சேரும்போதே இருந்த குறைகளுக்குத் தனி விதிகள் உண்டு. ஞானப்பற்களைப் பொறுத்தவரை, 180 நாள் பணிக்குப் பிறகு நோய் வந்திருந்தாலோ பணியில் அடிபட்டிருந்தாலோதான் கணக்கில் வரும். அதனால் மனுவை ஞானப்பல்லை மட்டும் நம்பிக் கட்டாதீர்கள்.

180 நாள் எப்போதோ முடிந்துவிட்டது என்றால்

சான்றிதழைத் திருத்திக்கொள்ளலாம், ஆனால் திருத்தம் மட்டும் விஏ கெடுவைத் திறந்துவிடாது. இதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள். இருக்கும் நல்ல வாதம் ஒன்றுதான். விடுபடும்போது இந்தப் பல் உரிமையையும் அதன் கெடுவையும் எழுத்தில் விளக்கி, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிக் கோப்பில் வைக்க வேண்டியது படையின் கடமை என்று 38-ஆம் தலைப்பின் 1712-ஆம் பிரிவு சொல்கிறது. அப்படி அறிவிக்கப்படவில்லை என்றால் கெடு ஓடத் தொடங்கியதாகவே கொள்ள முடியாது என்ற நிலைப்பாட்டைப் படைவீரர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1993-இல் மேஸ் எதிர் பிரவுன் வழக்கில் எடுத்தது. ஆகவே முழுப் பணியாளர் கோப்பை வரவழைத்து, அந்தக் கையெழுத்துத் தாள் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அது இல்லை என்பதே உங்கள் ஆதாரம். இருந்தால் இந்த வழி அடைபட்டது. அப்போது விஏவில் சேர்ந்தவர்கள் சொந்தச் செலவில் வாங்கக்கூடிய விஏடிப் பல் காப்பீட்டைப் பார்ப்பதே நடைமுறைக்கு உகந்தது.

இன்னும் சீருடையில் இருப்பவர்களுக்கு

மேலே சொன்ன எதுவும் தேவைப்படாமல் செய்ய வழி இருக்கிறது. விடுபடும் தேதிக்குச் சரியாக 90 நாள் முன்பிருந்து கணக்கு வைத்து, முதல் வாரத்திலேயே எக்ஸ்ரேயுடன் முழுப் பரிசோதனைக்கு நேரம் வாங்குங்கள். கடைசி நீண்ட விடுப்பில் போகிறவர்கள் இன்னும் முன்னதாக யோசிக்க வேண்டும், ஏனென்றால் அந்த 90 நாளின் பெரும்பகுதி விடுப்பிலேயே கழிந்துவிடும். பாக்கிச் சிகிச்சை எல்லாவற்றையும் முடிக்க முடிந்தால் அதுவே சிறப்பு, பல்லும் சரியாகும், ‘ஆம்’ என்பதும் உண்மையாகும். முடியாவிட்டால், எவை பாக்கி என்று கிளினிக்கிடம் தேதியிட்ட ஒரு தாள் எழுதி வாங்குங்கள். மாற்ற மையத்தில் டிடி-214-இன் வரைவைக் காட்டும்போது 17-ஆம் கட்டத்தின் மேல் விரலை வைத்து, எந்த ஆவணத்தைப் பார்த்து இதை நிரப்பினீர்கள் என்று கேளுங்கள். தவறு என்றால் அந்தத் தாளைக் காட்டி, கையெழுத்துப் போடும் முன்பே மாற்றச் சொல்லுங்கள். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், அந்தப் ‘பிறகு’ ஓராண்டுக்கு மேல் நீளக்கூடும் என்பது உங்களுக்கு இப்போது தெரியும்.